நாயோடு நிற்கும்போது மனம் எங்கே நிற்கிறது?

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து மறுஆய்வுக்கு வருவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. உணவில் உப்பு எவ்வளவு சேர்க்கலாம், மாடிப்படி ஏறலாமா, இருசக்கர வாகனம் ஓட்டலாமா, கம்பெனிக்கு எப்போது போகலாம் என்பவையே அவை. சென்ற ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒருவர் கேட்ட கேள்வி வேறாக இருந்தது.

"ஏனுங்க டாக்டர், மே மாசம் ஊட்டி நாய் ஷோவுக்கு நம்ம நாயக் கூட்டீட்டுப் போலாமுங்களா?"

அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. திருப்பூரில் சிறிய பவர் டேபிள் வைத்து, பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுப்பவர். இதயத்தின் மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு ஏற்பட்டு, பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டில் இரண்டு ராஜபாளையம் நாய்கள். அவற்றுள் ஆண் நாயைக் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்வது அவருடைய பல ஆண்டுப் பழக்கம். பயிற்சியெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்டோம். அவர் வாய் திறப்பதற்குள் அருகிலிருந்த மனைவி சொன்னார்: "நாயோட நிக்கறாருங்க. ஆனா நெனப்பு பூராவும் ஷிப்மென்ட்டுலதானுங்க நிக்குது. ஒரு கையில கயிறு, ஒரு கையில போனு."

அந்த அம்மையார் சொன்னதே இக்கட்டுரைக்குக் காரணம். அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, இதனை எழுதுகிறோம். நாய் வளர்க்காதவர்களும் இதைப் படிக்கலாம். இது நாயைப் பற்றியது மட்டுமன்று.

நாய் கணக்கிடும் நேரம்

இரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தவர். அதற்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவ்வாராய்ச்சியின் ஊடே அவர் ஒன்றைக் கவனித்தார். உணவு வாய்க்குள் போகுமுன்பே, உணவு கொண்டு வருபவரின் காலடியோசை கேட்டதுமே நாய்களுக்கு உமிழ்நீர் ஊறத் தொடங்கியது. அடுத்தடுத்து நிகழும் இரண்டு செய்திகளை நாயின் மூளை ஒன்றோடு ஒன்று முடிந்துகொள்கிறது என்பது இதனால் விளங்கியது. இன்று உலகெங்கும் நாய்களைப் பழக்குவோர் இந்த முடிச்சைத்தான் பயன்படுத்துகின்றனர்.

ஆனால் இந்த முடிச்சு இறுகுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நாய் செய்த செயலுக்கும் நாம் கொடுக்கும் பாராட்டுக்கும் இடையே ஓரிரு நொடிக்குமேல் போகக்கூடாது. "உட்கார்" என்று சொல்கிறோம், நாய் உட்காருகிறது. அந்நேரம் அலைபேசி ஒலிக்கிறது, திரையைப் பார்க்கிறோம். ஐந்து நொடி கழித்துத் திரும்பி ஒரு பிஸ்கட்டைக் கொடுக்கிறோம். அதற்குள் நாய் எழுந்து நின்று தரையை முகரத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்ததற்கென்று நாம் நினைத்துக் கொடுத்த பிஸ்கட்டை, எழுந்ததற்கென்று நாய் வாங்கிக்கொள்கிறது. பத்து நாள் இப்படியே நடந்தால், "சொன்ன பேச்சைக் கேட்காத நாய்" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். உண்மையில் நாய் நன்றாகவே கற்றிருக்கிறது. கற்பித்தவர்தான் அங்கே இல்லை.

நாய்க்கு நினைவாற்றல் இல்லை என்பது இதன் பொருளன்று. சென்ற ஆண்டு வந்துபோன விருந்தினரையும் அது அடையாளம் காணும். ஆனால் எந்தச் செயலுக்கு இந்தப் பாராட்டு என்பதை அது கணக்கிடுவது நிகழ்கின்ற நொடியை வைத்தே. ஆகவே நாயைப் பழக்க வேண்டுமானால் பழக்குபவரும் அந்த நொடியில் இருந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

கயிற்றின் வழியே இறங்கும் பதற்றம்

நம் மனம் வேறிடத்தில் இருப்பது நாய்க்குத் தெரியுமா என்று அவர் எங்களைக் கேட்டார். நம் உடலில் நிகழும் மாற்றம் நாய்க்கு எட்டுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

மனம் பதறும்போது அட்ரினலின், கார்டிசால் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் மிகுகின்றன. இதயத் துடிப்பு விரைகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. வியர்வையின் தன்மையும் மூச்சுக்காற்றின் தன்மையும் மாறுகின்றன. 2022ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், 36 பேரிடம் கடினமான மனக்கணக்குப் போடுவதற்கு முன்பும் பின்பும் வியர்வை, மூச்சு மாதிரிகள் எடுக்கப்பட்டன. பழக்கப்பட்ட 4 நாய்கள் அவற்றை முகர்ந்து, பதற்றத்தின்போது எடுத்த மாதிரி எது என்பதை 100க்கு ஏறத்தாழ 94 முறை சரியாகக் காட்டின.

2019ஆம் ஆண்டு சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் ஆழமானது. 58 நாய்களின் உரோமத்திலும் அவற்றை வளர்த்த பெண்களின் தலைமுடியிலும் கார்டிசாலின் அளவு பார்க்கப்பட்டது. முடி மெல்ல மெல்ல வளர்வது. ஆகவே அது பல மாத மனஅழுத்தத்தின் பதிவேடு போன்றது. வளர்ப்பவரிடம் கார்டிசால் மிகுந்திருந்தால் நாயிடமும் மிகுந்திருந்தது. அவர் மனநிலையே நாயைப் பாதிக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இதைச் சொன்னபோது எங்கள் நோயாளர் சற்று நேரம் பேசாதிருந்தார். கண்காட்சி வட்டத்துக்குள் நுழைந்ததும் தம்முடைய நாய் வாலைத் தாழ்த்திக்கொள்வது ஏன் என்று அவருக்கு நெடுநாளாக விளங்கவில்லையாம். நடுவர் என்ன நினைப்பாரோ, பக்கத்து நாய்க்குப் பரிசு போய்விடுமோ என்ற கலக்கம் தமக்குத்தான் என்றும், நாய்க்கு அதில் பங்கில்லை என்றும் எண்ணியிருந்தார்.

அதே கலக்கம் அவருடைய இதயத்துக்கும் நல்லதன்று. ஏற்கெனவே புண்பட்ட இதயத்தை அட்ரினலின் மேலும் விரட்டுகிறது. மாத்திரை அந்த வேகத்தைத் தணிக்கும். ஆனால் காலை முதல் இரவுவரை ஓயாமல் ஏறும் பதற்றம் முழுவதையும் மாத்திரையே சுமக்கட்டும் என்று விட்டுவிட முடியாது.

செவி கேளாத தங்கை

ஊட்டிப் பயணத்தைப் பற்றி அன்று நாங்கள் முடிவு சொல்லவில்லை. பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் மார்பெலும்பைப் பிளந்து மீண்டும் கம்பியால் இணைக்கிறோம். அது நன்றாகக் கூடுவதற்கு 3 மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை பாரம் தூக்குவதும், கையால் வெடுக்கென இழுப்பதும் கூடாது. பெரிய நாய் ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தால் கயிற்றைப் பிடித்திருப்பவரின் மார்பெலும்பின் மேல் விழும் இழுவை சிறிதன்று. ஆகவே, "ஆண் நாயின் கயிற்றை ஏப்ரல் நடுப்பகுதிவரை தொடவேண்டாம், மகன் பார்த்துக்கொள்ளட்டும்" என்றோம்.

அவருக்கு அது பெரிய வருத்தம். இரண்டாவது நாயைப் பற்றி அப்போதுதான் கேட்டோம். அது அதே ஈற்றில் பிறந்த பெண் குட்டி. பிறவியிலேயே செவி கேளாதது. விலை கொடுத்து வாங்க எவரும் வராததால் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை இடையிடையே காணப்படுவதுண்டு. தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தரும் அணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிடில், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் அணுக்கள் அழிந்துவிடும். வெண்ணிறம் மிகுந்த வேறு சில நாயினங்களிலும் இதே குறை உண்டு. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட அஞ்சல் தலைகளில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம் ராஜபாளையம். ஆயினும் வெண்மைக்கு அது சில வேளை கொடுக்கும் விலை இது.

அந்தப் பெண் நாய் சாதுவானது; கயிற்றை இழுக்காதது. "காலையில் வாசலில் அமர்ந்தபடி இதற்குக் கைச்சைகையால் சில பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள், கால்மணி நேரம் போதும், அலைபேசி வீட்டுக்குள் இருக்கட்டும்" என்றோம். உண்மையைச் சொன்னால், அவருடைய ஏக்கத்தைத் தணிப்பதற்கே அப்படிச் சொன்னோம். அதிலிருந்து என்ன விளையும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

செவி கேளாத நாயைப் பெயர் சொல்லி அழைக்க இயலாது. அது நம்மைப் பார்க்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். அது பார்க்கும் கணத்தில் நாமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் சந்திக்கும் அந்த இடைவெளியில்தான் கை சைகை காட்ட முடியும். நாம் வேறெங்கோ பார்த்தால் பாடம் அத்தோடு முடிந்தது. கையில் அலைபேசியோடு இந்த வேலையைச் செய்யவே முடியாது.

நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுவதை 2015ஆம் ஆண்டு சப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிறந்த குழந்தையைத் தாய் நோக்கும்போது மிகுவதும் இதே சுரப்புத்தான். அது அன்பையும் அமைதியையும் வளர்ப்பது.

அலையும் மனம்

2010ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் இருவர் 2,250 பேரை அலைபேசி வழியே நாளின் பல வேளைகளில் திடீரென அழைத்து, இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டனர். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு, மக்களின் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. மனம் அலைந்த வேளைகளில் அவர்களுடைய மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. என்ன வேலை செய்தார்கள் என்பதைவிட, மனம் அவ்வேலையில் இருந்ததா என்பதே மகிழ்ச்சியோடு நெருங்கிய தொடர்பு உடையதாக இருந்தது.

திருப்பூரில் வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் விலை, சாயப்பட்டறையில் தங்கிவிட்ட துணி, கப்பல் ஏறவேண்டிய தேதி, சனிக்கிழமைச் சம்பளம் என்று மனம் எப்போதும் நாளையில்தான் நிற்கிறது. நோய் வந்தபின் அதோடு இன்னொரு நாளையும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த எக்கோ எப்படி இருக்கும், சர்க்கரை அளவு குறைந்திருக்குமா என்று ரிப்போர்ட் வரும் நாளுக்காகவே இடைப்பட்ட நாட்களைத் தள்ளிவிடும் பலரை நாங்கள் பார்க்கிறோம். போட்டியில் பரிசுக்காக நிற்பவரின் நிலையும் இதுவே. நடுவர் கை காட்டும் நொடி ஒன்றுக்காக, அதற்கு முந்தைய ஓராண்டின் காலைகள் எல்லாம் கணக்கில் வராமல் போகின்றன.

பெரிய உடல்வாகு கொண்ட நாய் ஒன்று பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அவருடைய நாய்களுக்கு அப்போது ஐந்து வயது. இதை நாங்கள் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவரே எங்களிடம் சொன்னார். ஆறு வாரங்களுக்கு முன்பு அறுவை அரங்கினுள் சென்று திரும்பியவருக்கு ஆண்டுகளின் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

உதகை

ஏப்ரல் கடைசியில் மீண்டும் வந்தார். மார்பெலும்பு நன்றாகக் கூடியிருந்தது. எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகள் நிறைவளித்தன. நாள்தோறும் நடைப்பயிற்சியைத் தவறாது செய்திருந்தார். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறைவு. குளிரும் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். நிலையான உடல்நிலை உள்ளவர் போகலாம். ஆனால் போன அன்றே ஓடியாடக் கூடாது. ஒரு நாள் முன்னதாகச் சென்று ஓய்வெடுக்க வேண்டும், மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும், நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் வட்டத்தை விட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

கண்காட்சியில் நடுவர் நாயின் பற்களைப் பார்ப்பார். உடலைத் தடவிப் பார்ப்பார். நடக்கவும் மெல்ல ஓடவும் சொல்லி அதன் நடையழகைப் பார்ப்பார். ஒரு நாய்க்குச் சில நிமிடங்களே கிடைக்கும். இந்தியக் கென்னல் கிளப் தோன்றியது 1896ஆம் ஆண்டு. அதன் தலைமையிடம் இப்போது சென்னையில் உள்ளது. அத்தனை ஆண்டு மரபுடைய போட்டிகளில் வெற்றியை விரும்புவது குற்றமன்று. உழைத்தவர் பரிசை எதிர்பார்ப்பது இயல்பே.

ஜூன் மாதம் வந்தபோது, பரிசு கிடைத்ததா என்று கேட்டோம். கிடைக்கவில்லை என்றார். பின்பு சொன்னார்: "முன்னாடியெல்லாம் ரிங்குக்குள்ள போனா ஜட்ஜு மூஞ்சியத்தானுங்க பாப்பேன். இந்தத் தடவ நாய் மூஞ்சியப் பாத்தனுங்க. அந்தச் செவிடிகிட்டப் படிச்சதுங்க. இவன் வாலு கடைசிவரைக்கும் மேலதானுங்க இருந்துது."

எடுத்தனூர் என்னும் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே நிற்கிறது. வீரனின் உருவத்துக்கு அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு அதனைப் போற்றுகிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த அவ்வூரார், இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அது இருந்தது என்பதையே பெருமையாகக் கருதினர்.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

வீட்டில் நாய் உள்ள இதயநோயாளர்கள் கீழ்வருவனவற்றை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1. நோயைத் தணிப்பதற்கென்றே நாய் வாங்க வேண்டாம். நாய் வளர்ப்போருக்கு இதயநோய் ஆபத்து குறைவாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் கூறியது. அதே அறிக்கையில், இதயத்தைக் காக்கும் நோக்கத்துக்காகவே நாய் வளர்க்கத் தொடங்கக்கூடாது என்றும் கூறியது. விருப்பமும் நேரமும் உள்ளவருக்கே நாய்.

2. பயிற்சிக்கு விடியற்காலை ஏற்றது. கோடையில் வெயில் ஏறிய பின் நாய்க்கும் நல்லதன்று, உங்களுக்கும் நல்லதன்று. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். பேசவே முடியவில்லையெனில் வேகத்தைக் குறையுங்கள்.

3. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொல்லும் வரை, இழுக்கும் நாயின் கயிற்றைப் பிடிக்க வேண்டாம்.

4. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறு கீறலிலும் இரத்தம் நெடுநேரம் கசியலாம். நாயின் நகங்களை வெட்டி வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். சொந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

5. பயிற்சி கால்மணி நேரம் போதும். அலைபேசியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தொடங்குமுன் மூச்சை இயல்பாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக ஐந்தாறு முறை வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். மனம் கம்பெனிக்குப் போனால் அதைக் கடிந்துகொள்ள வேண்டாம். நாயின் கண்ணைப் பாருங்கள், திரும்பி வந்துவிடும்.

நாய் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பேரக் குழந்தைக்குச் சோறூட்டும்போதும், மனைவியோடு காலைத் தேநீர் அருந்தும்போதும், மருத்துவமனையில் படுத்திருக்கும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும், மனம் அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் அது வரும் நாளில் வரும். அதைப் படித்து உரிய சிகிச்சை செய்வது எங்கள் பொறுப்பு. அதுவரை உள்ள நாட்கள் உங்களுடையவை.

எங்கள் நோயாளர் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வருகிறார். இரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளது, மாத்திரைகள் தொடர்கின்றன. வரும் மே மாதமும் உதகை போக வேண்டும் என்கிறார். காலை வகுப்பில் செவி கேளாத தங்கைக்கு இதுவரை பதினோரு சைகைகள் தெரியுமாம். பன்னிரண்டாவது என்னவென்று கேட்டோம். இன்னும் முடிவாகவில்லை, அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றார்.